ஐந்துக்கு இரண்டு

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசியைக் கண்டதுமே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவளிடம் வந்தவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பம்மா குத்தப் போறே?" என்று கேட்பார்கள். அதற்குள் அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். "குத்தி, எடுத்து, டியூபுக்கு மூடியும் போட்டாச்சு. கையை மடக்கிக்கோங்க" என்பாள். அப்படித்தான் அவளுக்குப் பூக்கை என்று பெயர் வந்தது. வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பரிசோதனை நிலையம். ஏறிவர இருபத்திரண்டு படிகள். ஏறி வந்ததும் காத்திருப்பவர்கள் உட்கார நீளப் பலகை, வரவேற்பு மேஜை, பச்சைத் திரைக்குப் பின்னால் அவள் ரத்தம் எடுக்கும் நாற்காலி, அதற்கும் உள்ளே இயந்திரங்கள் உறுமும் அறை. மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் அவள் "அண்ணா" என்று கூப்பிட்டது ஒருவரைத்தான். ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து உட்கார்ந்திருக்கும் அவரை மற்றவர்கள் பொறுமை என்பார்கள், அவர் காதுபடவே. ஐம்பத்தாறு வயது. கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தை ஒவ்வொரு அணுவாகப் பார்த்து, இடது கையில் இருக்கும் எண்ணும் கருவியைச் சொடுக்கிச் சொடுக்கி எண்ணுவார். "பொறுமை அண்ணன் டீ குடிச்சா டீ ஆறாது, டீக்கு வயசாகும்" என்று வரவேற்பு மேஜைப் பெண் சொல்லுவாள். அவரும் சிரிப்பார், சிரிப்பும் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

ஆனால் ஒருமுறை, இயந்திரம் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்த ஒரு பிள்ளையின் ரத்தத்தை, "ஏதோ உறுத்துது" என்று அவர் மட்டும் மூன்று தடவை பார்த்தார். நூறில் இரண்டு அணுக்கள் இருக்கக்கூடாத உருவத்தில் இருந்தன. அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போட்டார். அந்தப் பிள்ளை பிழைத்து, வளர்ந்து, கல்லூரிக்குப் போகிற சேதி வருடத்துக்கு ஒருமுறை இந்த மாடிக்கு வரும். அதனால் அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. பழைய முதலாளி இருந்தவரை.

முதலாளிக்கு வயதாகி, ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் நிலையத்தை விற்றார். புதிய பெயர்ப்பலகை ஏறியது, புதிய சட்டை வந்தது, மண்டல மேலாளர் என்று ஒருவர் வந்தார். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். படியேறி வந்தும் மூச்சு வாங்காது. அவர் வரும் நாளில், "மண்டலம் வருது, மழை வருது, எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்க" என்று இயந்திர அறையில் குரல் கேட்கும்.

மண்டலம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "மேடம், இங்க எல்லாரும் உங்களைத்தான் கேட்டுட்டுச் செய்யறாங்க. ரெண்டு நாளா பார்க்கறேன். நீங்க ஏற்கெனவே லீடர்தான், பேர் மட்டும்தான் இல்ல. டீம் லீடரா போடறோம்."

"சார், எனக்கு ஊசி போடத்தான் தெரியும்."

"அதுக்கு ஆள் கிடைப்பாங்க. மனுஷங்களைச் சேர்த்து வெச்சுக்கறவங்கதான் கிடைக்கமாட்டாங்க."

அந்தச் சொல் அவளை இளக்கிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; கையில் கிரீஸ் வாசனை போகவே போகாது. "தலைவியே, இனி சாப்பாடு போடுவியா, இல்ல மீட்டிங் போடுவியா?" என்று கேட்டுவிட்டு, சந்தோஷத்தில் அன்றைக்கு அவனே பாத்திரம் கழுவினான்.

முதலில் அவளை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் குளிரூட்டிய கூடம். மருத்துவமனை, மருந்துக் கம்பெனி, பரிசோதனை நிலையம் என்று பல இடங்களிலிருந்து அறுபது பேர் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் மேடையில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார். "உங்க திறமை உங்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோகும். கதவைத் திறக்கறது உங்க நெட்வொர்க். உங்களை எத்தனை பேருக்குத் தெரியுது, அதுதான் நீங்க" என்றார். பெரிய அதிகாரி ஒருவரோடு லிஃப்டில் ஏற நேர்ந்தால், மேலே போய்ச் சேருவதற்குள் தன்னைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். அதை எல்லோரும் எழுதிப் பழக வேண்டும். அவளுக்கு வந்ததெல்லாம் இரண்டு வரி: "நான் ரத்தம் எடுப்பேன். வலிக்காது."

பிற்பகலில் எழுந்து நடந்து, ஆளுக்கு ஆள் கை குலுக்கி, அட்டை வாங்கிச் சேர்க்கச் சொன்னார்கள். அவளிடம் கொடுக்க அட்டை இல்லை. குறிப்புப் புத்தகத்தின் தாளைக் கிழித்துக் கிழித்து எண் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் அதைப் பத்திரமாக மடித்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெண் அவளைக் கட்டிக்கொண்டு, "நாம தொடர்புல இருக்கணும், சரியா?" என்றாள். மாலையில் எண்ணிப் பார்த்தாள்; நாற்பத்திரண்டு அட்டைகள். எல்லா எண்ணையும் கைப்பேசியில் ஏற்றி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'பயிற்சி' என்று சேர்த்துக்கொண்டாள்.

லிஃப்ட் விஷயத்தைக் கேட்டதும் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் பார்க்கற லிஃப்டெல்லாம் பாதியிலதான் நிக்கும். அப்ப என்ன பேசணுமாம்? அதைக் கேட்டியா?"

நாற்காலி மாறியது. பச்சைத் திரைக்குப் பின்னால் அந்த ஏழு பேரில் வேறொருத்தி உட்கார்ந்தாள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் இருபத்தாறு வயதுப் பெண். பூக்கைக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை கிடைத்தது. காலையில் மண்டலத்துக்கு முந்தின நாள் வந்தவர்களின் எண்ணிக்கை அனுப்புவது, மதியம் மருத்துவர்களைப் போய்ப் பார்த்து நோயாளிகளை இங்கே அனுப்பச் சொல்வது, மாலையில் ஏன் எண்ணிக்கை கூடவில்லை என்று பதில் சொல்வது. மருத்துவமனைத் தாழ்வாரங்களில், மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு நடுவில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் கதவு திறந்ததும் சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அவளுக்குச் சிரிப்பு முன்கூட்டியே தீர்ந்துபோயிருக்கும்.

எட்டாம் மாதம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. கணினியில் ஆறு பேருக்கும் ஆறு பக்கம். வேகம், துல்லியம், பழகும் விதம் என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று கட்டம். அவள் எல்லோருக்கும் நான்கும் ஐந்துமாகப் போட்டு அனுப்பினாள். படிவம் திரும்பி வந்தது. மண்டலம் போனில் கூப்பிட்டார்.

"மேடம், ஆறு பேர்ல ஒருத்தருக்காவது ஒரு கட்டத்துல ரெண்டு வந்தாகணும். இல்லன்னா சிஸ்டம் எடுத்துக்காது."

"யாருமே அப்படி இல்லையே சார்."

"எல்லாரும் நல்லவங்கன்னு சொல்றதுக்கு லீடர் எதுக்கு? அது அவங்க அம்மா சொல்லுவாங்க."

இரண்டு நாள் அந்தப் பக்கங்களைத் திறந்து திறந்து மூடினாள். கைக்குழந்தைக்காரிக்குப் போட்டால் அவள் அழுவாள். வரவேற்புப் பெண் சண்டைக்கு வருவாள். இயந்திர அறையில் இருக்கிறவர்கள் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கடைசியில், யார் கோபித்துக்கொள்ளமாட்டாரோ அவரிடம் போய் நின்றாள். அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா, யாருக்காவது ரெண்டு போட்டே ஆகணுமாம்."

"எதுக்கும்மா ரெண்டு?"

"வேகத்துக்கு. உங்களுக்குப் போட்டுக்கட்டுமா?"

எண்ணும் கருவி நான்கைந்து முறை சொடுக்கியது. பிறகு நிமிர்ந்தார். "தாராளமா போடு. எனக்கென்ன இனிமே பதவி உயர்வா வரப்போகுது? பின்ன, பொய்யும் இல்லையே." சிரித்தார். அவளும் சிரித்தாள். மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. படிவத்தில் குறிப்பெழுத ஒரு இடம் இருந்தது. அதில், 'அவசரப்படாதவர். மற்றவர்களைவிடக் குறைவான எண்ணிக்கையே பார்ப்பார்; ஆனால் பார்த்தது தப்பாது' என்று நன்றாகவே எழுதினாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் இந்த முறை படிவம் திரும்பி வரவில்லை.

ஏழு வாரம் கழித்து மண்டலம் வந்தார். கண்ணாடி அறைக் கதவைச் சாத்தினார். எல்லாக் கிளைகளிலும் ஆள் குறைக்கிறார்கள், இங்கே ஒருவர். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியதைப் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினால் அங்கே பார்த்துவிடுவார்கள். பட்டியலில் இருந்த பெயரைக் காட்டினார்.

"சார், அவரையா? அந்தப் பிள்ளை விஷயம் உங்களுக்குத் தெரியாதா? நான் குறிப்புல எழுதியிருக்கேனே."

"ரெண்டு வாங்கினவங்கதான் லிஸ்ட்ல வந்திருக்காங்க மேடம். குறிப்பை யாரும் படிக்கறதில்ல."

"நான் இதுக்காக எழுதல சார்."

"நீங்க எதுக்காக எழுதினீங்கன்னு கேக்க ஃபார்ம்ல கட்டம் இல்லையே" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி ஒரு கட்டம் இல்லாததை நினைவுபடுத்துகிறவர் போலத்தான் சொன்னார். பிறகு அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். டீம் லீடர்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அதில் இருந்தன. எட்டு வாக்கியங்கள்.

அண்ணன் முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தவள் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. அவரே தாளைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வழக்கம் போல ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான்னு சொல்றாங்க அண்ணா."

"இன்னும் நாலு ஸ்லைடு இருக்கும்மா. பார்த்துட்டுப் போறேன்."

பார்த்தார். ஆனால் முடிவைக் கணினியில் ஏற்ற முடியவில்லை. அவருடைய கடவுச்சொல்லை மதியமே முடக்கிவிட்டார்கள். நான்கு முடிவுகளையும் ஒரு தாளில் கோணாமல் எழுதி அவள் மேஜையில் வைத்தார். லென்ஸ் துடைக்கும் துணி அவருடைய சொந்தத் துணி. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு படியையும் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினார். வரவேற்புப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவரைப் பற்றி யாரும் நகைச்சுவை சொல்லவில்லை.

அந்த வாரமே பூக்கை கைப்பேசியை எடுத்தாள். நாற்பத்திரண்டு பேர். அண்ணனுக்கு ஒரு வேலை சொல்ல ஒருவர் போதும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"எந்தப் பயிற்சிங்க?" என்றார்கள் பலர். சிலர், "கண்டிப்பா பார்க்கலாம், விவரம் அனுப்பி வைங்க" என்றார்கள். அனுப்பிய விவரத்துக்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்ததோடு சரி. கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அவளை நினைவில்லை. "தாள்ல நம்பர் எழுதிக் கொடுத்தேனே" என்றதும், "ஓ, தாளா!" என்று சிரித்துவிட்டு, மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள். ஒருவர் வயதைக் கேட்டார். ஐம்பத்தாறு என்றதும், "எனக்கே ஐம்பதாகுது, என்னையே எப்ப அனுப்பலாம்னு பார்க்கறாங்க" என்றார். இன்னொருவர் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு மெல்லிய குரலில், "நான் வேலையை விட்டு மூணு மாசமாச்சுங்க. உங்க நிலையத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டாவது ஆள் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத் தலைவி. கறாரான குரல். "மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரிஞ்ச ஆளா? நிஜமாவே தெரியுமா? வரச் சொல்லுங்க" என்றாள். பூக்கைக்கு மாடிப்படியில் இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். சிபாரிசுக் கடிதம் ஒன்றும் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். 'இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை' என்று அதில் எழுதியிருந்தாள்.

அவர் போனார். பத்து ஸ்லைடு வைத்தார்கள், பத்தும் சரி. ஒன்றில் அவர்களுடைய ஆளே தவறவிட்டதைக் கண்டுபிடித்தாராம். வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவருடைய மனைவி போனில் சொன்னாள். பேச்சில் பழைய கலகலப்பு திரும்பியிருந்தது. "அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்குன்னுகூடப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாரு, கேளேன்!"

ஒன்பது நாள் கழித்து அந்தத் தலைவியே பூக்கையைக் கூப்பிட்டாள்.

"வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பழைய கம்பெனில விசாரிக்கறது எங்க வழக்கம். அவங்க ரெக்கார்டு அனுப்பியிருக்காங்க. வேகம் அஞ்சுக்கு ரெண்டு. குறைவான எண்ணிக்கையே பார்ப்பார்னு குறிப்பு. கீழ உங்க பேர் இருக்கு."

"மேடம், அந்தக் குறிப்புல அடுத்த வரியும் இருக்கு."

"அனுப்பினதுல ஒரு வரிதான் இருக்கு. நான் ஒண்ணு கேக்கறேன். நீங்களே ரெண்டு போடறீங்க. நீங்களே இவரைப் போல ஆளே இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது?"

நடந்ததை அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சாக்குப் போலக் கேட்டது. மறுமுனையில் அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "எனக்குப் புரியுது. ஆனா என் மேல இருக்கறவங்க அந்த ரெண்டைப் பார்த்துட்டாங்க. நாளைக்கு ஏதாவது தாமதமானா என்னைத்தான் கேப்பாங்க. மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

சேதியை நேரில் சொல்ல வேண்டும் என்று அவள் அவர் வீட்டுக்குப் போனாள். மாலை வெயில் இன்னும் இருந்தது. கதவைத் திறந்த மனைவி, "அவர் வீட்ல இல்லை" என்றாள். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "வரச் சொல்லு."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கையாலதான் அண்ணா. அந்த ரெண்டு" என்றாள்.

"நான்தானே போடச் சொன்னேன்."

"நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன். வேற யார்கிட்டயும் போக பயமா இருந்தது."

மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தம்ளர் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், செய்வியா?" என்றார் கடைசியில். "எனக்காக இனிமே யாருகிட்டயும் கேக்காத. எத்தனை பேருகிட்ட கேட்டே?"

"பன்னெண்டு பேர்."

"பன்னெண்டு. நீ ஒவ்வொருத்தர்கிட்ட சொல்றப்பவும் எனக்கு வேலை போயிருக்கும்மா. ஒரு தடவை போனதை ஒரு மாதிரி தாங்கிக்கிட்டேன்."

அவள் எழுந்தாள். வாசல் வரை அவர் வரவில்லை. எப்போதும் வருகிறவர்.

மறுநாள் மண்டலத்திடம், தன்னைப் பழையபடி ஊசிக்கே அனுப்பிவிடச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மேடம், மேல ஏற எங்ககிட்ட படி இருக்கு. கீழ இறங்க இல்ல. வேணாம்னா ராஜினாமாதான். வீட்ல யோசிச்சுச் சொல்லுங்க." வீட்டில் யோசித்தார்கள். மகன் வெளியூர் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். கணவனுக்கு முதுகெலும்பில் தேய்மானம், இனி லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, "உனக்கு வேணாம்னா விட்டுடு. நான் பார்த்துக்கறேன்" என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று இருவருக்கும் தெரியும். அவள் விடவில்லை.

கைக்குழந்தைக்காரி வராத ஒரு காலையில் பலகை நிறைந்துவிட்டது. பூக்கை கண்ணாடி அறையிலிருந்து வந்து உறை மாட்டிக்கொண்டாள். முதலில் உட்கார்ந்தவர் பல வருடமாக வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர். "அட, நீயே வந்துட்டியா! இன்னைக்கு எனக்கு நல்ல நாள்" என்று கையை நீட்டினார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலை வைத்து நரம்பைத் தேடினாள். இருந்தது. குத்தினாள், இல்லை. மறுபடி குத்தினாள். முழங்கை மடிப்பில் நீலமாக வீங்கியது. "பரவாயில்லைம்மா, பரவாயில்லை" என்று அவர் அவளைத் தேற்றினார். மூன்றாவது தடவை அவளே இயந்திர அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டாள். அதன் பிறகு ஆள் வராத நாட்களில் அவள் வேறு கிளையிலிருந்து ஆள் கேட்டு வாங்கினாள்.

அடுத்த வருடம் படிவம் வந்தபோது முடிவு செய்துவிட்டாள். ஐந்து பேர். யாருக்கும் இரண்டு கிடையாது. படிவம் திரும்பி வந்தது. மறுபடி அதையே அனுப்பினாள். மூன்றாம் முறை மண்டலம் கூப்பிட்டார். "என்னால முடியாது சார்" என்றாள்.

"சரி மேடம். நீங்க எழுதலன்னா நான் எழுதறேன். யாராவது எழுதியாகணும்" என்றார் அவர்.

அன்று மாலை அவள் கணவனுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனாள். எதையோ காப்பாற்றிவிட்டது போல ஒரு நினைப்பு.

மண்டலத்துக்கு அந்த மாடியில் யாரையும் தெரியாது. வருகைப் பதிவைப் பார்த்தார். அதிக நாள் விடுப்பு எடுத்திருந்தவருக்கு இரண்டு போட்டார். அந்தக் கோடையில் இன்னொரு பட்டியல் வந்தது. கைக்குழந்தைக்காரி அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறையில் நின்றாள். அழுவாள் என்று பூக்கை நினைத்திருந்தாள், அவள் அழவில்லை.

"நீங்க எழுத மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே, அக்கா."

"ஆமாம்மா. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு..."

"நீங்க எழுதியிருக்கலாம்கா. என் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்ததும், மாமியார் விழுந்து கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு என்ன தெரியும்? எத்தனை நாள் வரலைன்னு மட்டும்தான் தெரியும்." தாளை நான்காக மடித்தாள். "நீங்க கையைக் கழுவிக்கிட்டீங்க. அவ்வளவுதான்."

எழுதினால் ஒரு பாவம், எழுதாவிட்டால் இன்னொரு பாவம். நடுவில் நிற்க ஒரு சாண் இடம்கூட யாரும் விட்டுவைக்கவில்லை.

குளியலறை விளக்கு எரியவில்லை என்று ஒரு சனிக்கிழமை மதியம் கடைத்தெருவில் ஒரு மின்பொருள் கடைக்குள் போனாள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். தம்பியின் கடை என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எத்தனை வாட்?" என்றார்.

"ஒன்பது, அண்ணா."

அட்டைப் பெட்டியிலிருந்து விளக்கை எடுத்து, சோதிக்கும் பலகையில் மாட்டி எரியவிட்டார். அணைத்தார். மறுபடி எரியவிட்டு, வெளிச்சம் சீராக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் சில்லறையைக் கல்லாவில் தட்டினார். உள்ளேயிருந்து தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, பல்புதானே! கொடுத்து அனுப்புண்ணே சட்டுபுட்டுன்னு. தினமும் சொல்லிட்டே இருக்கணுமா?" என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி.

அவர் விளக்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டு நீட்டினார். காது மடல் சிவந்திருந்தது. "வீட்ல அவர் முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்லை அண்ணா. அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா." பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார்.

மூன்றாம் வருடப் படிவம் மழைக்காலத்தில் வந்தது. அவளுக்குக் கீழே மாடியில் இப்போது நான்கு பேர். அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் வீட்டு நிலைமையை இன்னொருவர் வீட்டு நிலைமையோடு வைத்துப் பார்த்தாள். யாருக்குக் கல்யாணமாகவில்லை, யாருக்குச் சொந்த வீடு இருக்கிறது, யாருக்கு வேறு இடம் கிடைக்கும். இயந்திர அறையில் இருக்கும் இளையவன் கெட்டிக்காரன். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது. வேகம் என்ற கட்டத்தில் அவனுக்கு நேராக இரண்டு என்று அடித்தாள். குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டாள். படிவம் திரும்பி வரவில்லை. சிறிது நேரத்தில் மண்டலத்திடமிருந்து செய்தி வந்தது: 'நன்றி மேடம். இந்த முறை சரியான நேரத்தில் முடித்துவிட்டீர்கள்.'

வெளியே வந்தபோது அந்த இளையவன் டீ வாங்கி வந்திருந்தான். "அக்கா, உங்களுக்குச் சர்க்கரை கம்மியா" என்று தனியாக ஒரு தம்ளரை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். குடித்தாள்.